கற்றையகலமும் அதன் பங்கீடும்

ஒரு கணினியை இணையத்தோடு பிணைக்கும் வழியில், ஒரு நொடிப்பொழுதில் எத்துணைச் செய்தி செல்லக்கூடுமோ அவ்வளவினைக் கற்றையகலம் என்பர். 'பேண்ட்வித்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் மிகுதியாய் வழங்குகின்றது. இது போதவில்லை என்று நாள்தோறும் முறையிடுவோர் பலர். உள்ள அளவினை வீட்டிலுள்ளார் எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது என்று எண்ணிப்பார்ப்போர் மிகச் சிலர். மாணாக்கர் பலரின் படிப்பும், விண்ணப்பமும், தேர்வு முடிவும் இவ்வழியே வந்துசேரும் இக்காலத்தில், இப்பங்கீட்டு முறையினை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் பயன்படும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய திருப்புலி நாட்டினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது இம்மலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறியவர்க்கு, இதன் மேடும் பள்ளமும் எத்தன்மையன என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. செல்பேசிக் கோபுரத்தினின்று வரும் அலை மலைமுகட்டை ஊடுருவிச் செல்லாது; ஆதலின் இத்தகைய நிலத்தில் ஒரு வீட்டில் நன்கு கிட்டும் இணைப்பு, அடுத்த மேட்டிற்கு அப்பாலுள்ள வீட்டில் மெலிந்துபோதல் இயல்பே. தொற்றுநோய்க் காலத்தில், 2021-ஆம் ஆண்டில், இம்மலையின் அடிவாரத்துச் சிற்றூர் மாணாக்கர் ஆலமரத்தின் கிளைகளில் ஏறியமர்ந்து இணையவழிப் பாடம் கேட்ட செய்தியை நாளிதழ்களிற் படித்தோம். மரத்தின்மேல் ஏறிப் பெறவேண்டிய ஒரு பொருளை வீட்டிற்குள் வீணாக்குதல் தகுமோ?

அத்தகைய வீடொன்றினை மனத்தில் அமைத்துக்கொள்வோம். அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி வந்த பழைய கணினி ஒன்று அங்கே இருக்கிறது. தந்தையின் செல்பேசியே அதற்கு இணையவாயில். அதாவது செல்பேசியின் 'ஹாட்ஸ்பாட்' வழியாகக் கணினி இணையத்தை அடைகின்றது. மூத்த பெண் பொறியியற் கல்லூரியிற் சேர விழைகின்றாள். தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். அவள் தன் விருப்பப் பட்டியலைக் குறித்த காலத்திற்குள் பதிந்து உறுதிசெய்தல் வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கணினியைத் திறக்கின்றாள், பக்கம் திறக்கவில்லை. தம்பி அதே ஹாட்ஸ்பாட்டில் மற்றொரு செல்பேசியை இணைத்துத் திரைப்படம் பார்க்கிறான். தந்தையின் செல்பேசியோ அன்று எடுத்த நிழற்படங்களை எங்கோ ஒரு சேமகத்திற்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. கணினி தானும் எவரையும் கேளாமல் விண்டோஸ் புதுப்பிப்பினை இறக்கத் தொடங்கிவிட்டது. நால்வர்க்கும் வழி ஒன்றே. முதலில் வேண்டியது அப்பெண்ணின் பதிவு. அதற்குத் தேவைப்படுவதோ மற்ற மூன்றினும் மிகச் சிறிய பங்கு. எனினும் அதுவே காத்து நிற்கிறது.

இந்நிலையை 'நெட் ஸ்லோ' என்று ஒரே சொல்லிற் கூறிவிடுகிறோம். உண்மையில் ஈண்டு இருவேறு நோய்கள் உள. ஒன்று, நாளொன்றுக்கு விதித்த அளவு தீர்ந்துபோதல். மற்றொன்று, அளவு தீராதபோதே வழி நெரிதல். மருந்தும் வெவ்வேறு.

முதல் நோயைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. நிறுவனத்தார் வேகத்தைப் பிட்டிலும், கோப்பின் பருமனைப் பைட்டிலும் கூறுவது வழக்கம். எட்டுப் பிட்டுகள் ஒரு பைட்டு. நொடிக்கு 4 மெகாபிட் வேகமெனின், நொடிக்கு அரை மெகாபைட்டே வந்துசேரும் என்க. நாளொன்றுக்கு 1.5 கிகாபைட் என்னும் திட்டத்தை வைத்திருப்பவர், இவ்வேகத்தில் இடையறாது இறக்குவாராயின், 50 நிமிடத்தில் அந்நாளின் பங்கு முழுவதையும் உண்டுவிடலாம். பின்னர் வேகம், பல திட்டங்களில், நொடிக்கு 64 கிலோபிட்டாகச் சுருங்கும்; அஃதாவது நொடிக்கு 8 கிலோபைட். அந்நிலையில் 10 மெகாபைட் பருமனுள்ள பாடக்குறிப்பு ஒன்றினை இறக்க இருபது நிமிடத்திற்கு மேலாகும். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் விதேஷ் சஞ்சார் நிகாம் நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்துத் தொலைபேசிவழி இணைப்பு இதனினும் மெலிந்ததே. ஆயினும் அக்காலத்துப் பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாகவே இருந்தமையால் ஒருவாறு சமாளித்தனர். அகலக்கற்றை என்று அழைக்கத் தகுந்த குறைந்த வேகத்தை நம் அரசு 2004-இல் 256 கிலோபிட் என்றும், 2013-இல் 512 கிலோபிட் என்றும், 2023-இல் 2 மெகாபிட் என்றும் உயர்த்திக்கொண்டே வந்தது. வேகம் உயர உயரப் பக்கங்களும் பருத்தன. ஆகவே பங்கீட்டின் தேவை நீங்கிற்றில்லை.

இரண்டாவது நோயே நுட்பமானது. இதனை விளக்க நம் பாசனமுறை நல்ல துணை. மலையின் பள்ளத்தாக்குகளில் ஓடைநீரைத் திருப்பி நெல்விளைக்கும் வயல்களை நினைத்துக்கொள்க. மேல்மடைக்காரர் தம் மடையைத் திறந்தபடியே விட்டுவிட்டால், கடைமடைக்காரர்க்கு நீர் எட்டாது; ஓடையில் நீரில்லை என்பது அதற்குப் பொருளன்று. சமவெளி ஊர்களில் ஏரிநீரை முறைவைத்துப் பாய்ச்சுதற்கென்றே நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் பெயருடைய ஒருவரை ஊரார் அமர்த்தியிருந்தனர். அவர் ஏரியின் நீரை ஒரு துளியும் பெருக்கினாரல்லர். முறையை மட்டும் காத்தார். நம் வீட்டு இணையத்தில் இல்லாதது அந்த நீர்க்கட்டியே.

உவமை இவ்விடத்தோடு நிற்கும். ஏனெனில் இணையத்தில் நீரினைப் போலன்றிச் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கின்றது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. வாயிலிற் கூட்டம் மிகுந்தால், பொட்டலங்கள் அங்குள்ள சேமிப்பிடத்தில் வரிசையாய் நிற்கும். ஏற்றுவேகம் நொடிக்கு 1 மெகாபிட் எனக் கொள்வோம். ஒரு பொட்டலம் வெளியேற 12 மில்லிநொடியாகும். நிழற்படங்களை ஏற்றும் செல்பேசி 256 பொட்டலங்களை முன்னரே வரிசையில் நிறுத்திவிட்டதாயின், அப்பெண்ணின் சிறிய பதிவுப் பொட்டலம் மூன்று நொடிக்கு மேல் அவற்றின்பின் நின்றே தீரவேண்டும். ஒரு பக்கத்தைத் திறக்கப் பலமுறை போக்குவரத்து வேண்டுமாதலின், மூன்று நொடி முப்பது நொடியாகும். தளமும் 'நேரம் முடிந்தது' என்று கதவடைக்கும். குரற்பேச்சில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்கு உட்பட்டிருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மூன்று நொடித் தாமதத்தில் எவ்வாறு பேசுவது! இங்கே கற்றையகலம் போதாமையன்று, வரிசை நீண்டமையே கேடு.

இக்கேடு நம் மலைக்கே உரியதன்று. 1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவிலே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே, சுமார் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32 கிலோபிட் ஓடவேண்டிய இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. ஏறக்குறைய எண்ணூற்றில் ஒரு பங்கு. பொட்டலம் சேரவில்லை என்று கருதிய கணினிகள் அதனையே மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கினமையே காரணம். வான் ஜேக்கப்சன் என்பார் இதனை ஆராய்ந்து, நெரிசல் தோன்றிய மாத்திரத்தே அனுப்புவோன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்து 1988-இல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1985-இல், ஜான் நேகிள் என்பார் ஒவ்வொருவர்க்கும் தனிவரிசை அமைத்து, வரிசைக்கு ஒன்றாக முறைவைத்து அனுப்பும் வழியைக் கூறியிருந்தார். நம் நீர்க்கட்டியின் முறைக்கு இது மிக நெருங்கியது.

பின்னர்ச் சேமிப்பிடம் மலிவாகவே, கருவி செய்வோர் வரிசைக்குரிய இடத்தை வரம்பின்றிப் பெருக்கினர். பொட்டலம் ஒன்றும் தொலையலாகாது என்பது அவர்தம் நல்லெண்ணம். அதன் விளைவோ பொல்லாதது. ஜேக்கப்சன் வகுத்த முறைக்கு, ஒரு பொட்டலம் தொலைதலே நெரிசலை அறிவிக்கும் அடையாளம். தொலையவில்லையேல் அனுப்புவோனுக்கு நெரிசல் தெரிவதெப்படி? 2010-ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்னும் அறிஞர், தம் வீட்டிலிருந்து பெருங்கோப்புகளை அனுப்புங்காலெல்லாம் வீட்டு இணையம் முழுவதும் முடங்குதலைக் கண்டு ஆராய்ந்து, இதற்குப் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். சேமிப்பிட வீக்கம் என்று நாம் கூறலாம். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும், வரிசையிற் பொட்டலம் நிற்கும் நேரத்தை அளந்து, அது மிகுந்தால் வேண்டுமென்றே சிலவற்றைத் தள்ளிவிடும் 'கோடெல்' முறையை வெளியிட்டனர். தனிவரிசையும் கோடெலும் சேர்ந்த முறை அவ்வாண்டே லினக்ஸ் இயக்குதளத்தில் இடம்பெற்றது.

இனி நாம் செய்யத்தக்கது யாது? முதற்கண், எது உண்கிறது என்று கண்டறிதல் வேண்டும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' ஒவ்வொரு செயலியும் அந்நொடியில் இணையத்தை எத்துணை பயன்படுத்துகிறது என்று காட்டும். 'ரிசோர்ஸ் மானிட்டர்' இன்னும் விரிவாய்க் காட்டும். 'டேட்டா யூசேஜ்' பக்கத்தில் கடந்த நாட்களின் கணக்கும் கிடைக்கும். இதனைப் பாராமல் தம்பியின்மேற் பழிபோடுதல் பல வீடுகளில் வழக்கம். கணினி தானே குற்றவாளியாயிருத்தலும் உண்டு.

அடுத்து, செல்பேசிவழி வரும் இணைப்பைக் கணினி எல்லையற்ற வைஃபை என்றே கருதிவிடும் என்பதை நினைவிற் கொள்க. அந்த இணைப்பின் பண்புகளிற் சென்று 'மீட்டர்டு கனெக்ஷன்' என்னும் குறியை இட்டுவிட்டால், பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமே இறங்கா. 'ஒன்டிரைவ்' ஒத்திசைவும் நின்றுவிடும். செல்பேசியைக் கம்பிவழி இணைப்போரும் அவ்விணைப்பிற்கு இக்குறியை இடலாம். என் கருத்தில், மலையில் வாழும் மாணாக்கர் வேறொன்றும் செய்யாவிடினும் இவ்வொன்றைச் செய்தல் போதும். முதல் நோய் பாதிக்குமேல் தணியும். ஆயினும் புதுப்பிப்பை என்றென்றைக்கும் மறுத்தல் ஆகாது. பாதுகாப்புக் குறைகளை நீக்குவன அவையே. கல்லூரி விடுதியின் வைஃபையிலோ, நாளின் அளவு மிஞ்சியிருக்கும் பின்னிரவிலோ குறியை நீக்கி இறக்கிக்கொள்க.

மேலும், 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதலாக, 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்னும் பகுதி ஒன்று உண்டு. தான் இறக்கிய புதுப்பிப்பினைப் பிற கணினிகளுக்கும் வழங்கும் இயல்புடையது அது. ஒரே அறையில் இருபது கணினிகள் உள்ள கல்லூரி ஆய்வகத்திற்கு இது பேருதவி. ஒற்றைக் கணினியுள்ள மலைவீட்டிற்கோ தேவையற்றது. பிற கணினிகளோடு பகிரும் குறியை நீக்கிவிடலாம். அதன் உட்பக்கத்தில், பின்னணியில் இறங்குவதற்கு இத்துணை விழுக்காடு அல்லது நொடிக்கு இத்துணை மெகாபிட் என்று வரம்பு கட்டவும் இடமுண்டு.

விண்டோஸிலே எல்லாச் செயலிக்கும் இறக்குவேக வரம்பு கட்டும் எளிய வசதி இயல்பாக அமையவில்லை. 'நெட்லிமிட்டர்' போன்ற வெளிச்செயலிகளை நாடவேண்டும். ஆனால் பல செயலிகள் தத்தமக்குள்ளேயே இவ்வசதியைக் கொண்டுள்ளன. 'டிரான்ஸ்மிஷன்' என்னும் கோப்புப் பகிர்செயலியில் ஆமை வடிவப் பொத்தான் ஒன்று உண்டு; அதனை அழுத்தினால், முன்னரே குறித்துவைத்த குறைவேகத்திற்கு அது இறங்கிவிடும். ஆமையை அங்கே வைத்தவர் நகைச்சுவை அறிந்தவரே! லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு வாய்ப்பு மிகுதி. 'வொண்டர்ஷேப்பர்' கணினி முழுவதற்கும் ஏற்று, இறக்கு வேகங்களைக் கட்டும். 'டிரிக்கிள்' தனிச்செயலி ஒன்றினை மட்டும் கட்டும். 'டபிள்யூகெட்' என்னும் கோப்பிறக்கி தன் கட்டளையிலேயே வரம்பினை ஏற்கும். இவற்றுள் ஒன்றில் வரம்பு பிட்டிலும், மற்றொன்றிற் பைட்டிலும் கூறப்படுமாதலின், எட்டின் மடங்கினை மறவாது கணக்கிடுக.

நம் கணினிக்கு வந்துசேரும் பொட்டலத்தை நாமே எவ்வாறு மட்டுப்படுத்த முடியும், அனுப்புவோன் எங்கோ இருக்கின்றானே என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. பெற்றுக்கொண்டேன் என்னும் ஒப்புதலை நம் கணினி அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அனுப்புவோன் மேலும் அனுப்புவான். ஒப்புதல் தாமதமாயினும், பொட்டலம் ஒன்று இடையில் தள்ளப்படினும், அவன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். நம் வரம்புச் செயலிகள் செய்வது இதனையே. இதனாலேயே ஏற்றுவழி அடைபட்டால் இறக்குவழியும் முடங்குகிறது. ஒப்புதல்கள் வெளியேற இயலாமையின் என்க. இறக்குவேகத்தையே பார்த்துக்கொண்டிருப்போர் பலர் இதனை உணர்வதில்லை. 4 மெகாபைட் பருமனுள்ள நூறு நிழற்படங்கள், 1 மெகாபிட் ஏற்றுவழியை ஏறக்குறைய 53 நிமிடம் அடைத்துவிடும். ஆகவே செல்பேசியின் நிழற்படச் சேமகத்தில், செல்பேசித் தரவின்வழி ஏற்றாதே என்று குறித்துவைத்தல் பெரும்பயன் தரும்.

வரம்பினை எத்துணையில் வைப்பது? அளந்து கண்ட வேகத்தினும் சற்றுக் குறைவாக, நூற்றுக்கு 85 அல்லது 90 என்ற அளவில் வைத்தல் வேண்டும். இருப்பதையும் ஏன் குறைக்கவேண்டும் என்று தோன்றும். வாயில் முழுமையும் நிரம்பினால், வரிசை நிறுவனத்தாரின் கருவியிலோ செல்பேசியினுள்ளோ நிற்கும். அங்கே நம் ஆட்சி செல்லாது. சற்றுக் குறைத்து வைத்தால் வரிசை நம் கணினியிலோ திசைவியிலோ நிற்கும். அங்கே யாருக்கு முன்னிடம் என்று தீர்மானிப்பவர் நாமே. நூற்றில் பத்தினை இழந்து மூன்று நொடித் தாமதத்தை நீக்குதல் நட்டமன்று. 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்னும் திசைவி இயக்குதளத்தில் இதற்கெனவே ஒரு பகுதி உளது. அதில் இரண்டு எண்களைக் குறித்தால், மேலே கூறிய தனிவரிசையும் கோடெலும் தாமே இயங்கும்.

இணைய வேகத்தை இரட்டிப்பாக்குவதாகக் கூறும் செயலிகளை நம்பற்க. கோபுரம் தராத கற்றையை அவை எங்கிருந்து கொணரும்? இவ்வாறே, விண்டோஸ் நூற்றுக்கு 20 பங்கினைத் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது, அதனை விடுவித்தால் வேகம் கூடும் என்ற கதையும் பல்லாண்டுகளாய் உலவுகின்றது. ஒதுக்கீடு கேட்கும் செயலி இயங்காதபோது அப்பங்கும் பிறர்க்குப் பயன்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விளக்கியுள்ளது.

வேறொரு ஐயமும் சிலர்க்கு எழலாம். இணையத்தில் எச்செய்தியையும் வேறுபாடின்றி நடத்துதல் வேண்டும் என்று நம் நாட்டிற் பெரிய வாதம் நிகழ்ந்து, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உள்ளடக்கத்திற்கேற்ப வேறுபட்ட கட்டணம் விதித்தலைத் தடைசெய்ததே. நாம் திரைப்படத்தைப் பின்தள்ளிப் பாடத்தை முன்வைத்தல் அதற்கு மாறாகாதோ? ஆகாது. அத்தடை சேவை வழங்குவோர்க்கு உரியது. விலைகொடுத்துப் பெற்ற பங்கினை வீட்டார் தமக்குள் முறைவைத்துக் கொள்ளுதல் அவரவர் உரிமை.

இம்முறைகள் யாவும் ஓரெல்லைக்கு உட்பட்டவை. கோபுரத்தின் கீழ்ப் பல வீட்டாரும் ஒருங்கே கூடும் மாலைப்பொழுதில், நெரிசல் கோபுரத்திலேயே ஏற்படுமாயின், நம் வீட்டு வரம்பு அதனைத் தீர்க்காது. செல்பேசி இணைப்பின் வேகம் நாழிகைக்கு நாழிகை மாறுவதும் உண்டு. ஆதலின் ஒருமுறை அளந்த எண்ணை நம்பாது, காலையிலும் நண்பகலிலும் இரவிலுமாக இரண்டு மூன்று நாள் அளந்து, அவற்றுள் தாழ்ந்த அளவினைக்கொண்டு வரம்பு குறிக்க. பின்னர்ப் பெரிய கோப்பொன்றினை இறக்கவிட்டு, அதே வேளையில் கட்டளைச் சாளரத்திற் 'பிங்' என்னும் கட்டளையால் ஏதேனும் ஒரு தளத்தின் மறுமொழி நேரத்தைப் பார்க்க. இறக்கம் இல்லாதபோது 60 மில்லிநொடியாயிருந்தது, இறங்கும்போது 100-க்கு அண்மையில் நின்றால் வரம்பு பொருந்திற்று. ஆயிரத்தைத் தாண்டினால், வரம்பினை இன்னும் சிறிது தாழ்த்தி மீண்டும் பார்க்க. கலந்தாய்வுப் பதிவு தொடங்குதற்கு ஒரு வாரம் முன்னரே இச்சோதனையை முடித்துக்கொள்க. பதிவின் கடைசிநாள் மாலை இதற்கு ஏற்ற வேளையன்று.